மாட வீதியில் ஒரு பொய் வேண்டுதல்

எழுபதுகளின் நடுவில், ஒரு பொங்கல் முடிந்த கையோடு மயிலாப்பூரில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தியாகராய நகரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன்.

எதையும் முழுசாக முடிக்காதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். ஹிந்தி வகுப்பு இரண்டு மாதம், தையல் ஒரு மாதம். உடம்பு மட்டும் விடாமல் ஏறிக்கொண்டே போனது. காலையில் எழுந்து நட என்று எனக்கு நானே எத்தனை தடவை சொன்னாலும் கால் கேட்காது. ஆனால் எங்கேயாவது பெயரைக் கொடுத்துவிட்டால், மானத்துக்குப் பயந்தாவது எழுந்துவிடுவேன். அதனால்தான் அடையாறில் ஒரு விளையாட்டுக் கழகம் பெண்களுக்கு எட்டு மைல் நடைப் போட்டி வைத்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அந்த வருடம் மூன்றாவது மைலில் மூச்சு வாங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். அலுவலகத்தில் ஒரு மாதம் என்னை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். அந்த ரோஷத்தில் அடுத்த வருடமும் போய்ப் பெயரை எழுதினேன். போட்டிக்குச் சரியாக நாற்பத்தெட்டு நாள் இருந்தது.

விடியற்காலையில் கோயிலையும் குளத்தையும் சேர்த்து ஏழு சுற்று நடப்பது என்று கணக்கு. அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண் காரணமில்லாமல் தெருவில் விறுவிறுவென்று நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் பக்தையைப் போல வெறுங்காலோடு நடந்தேன். மூன்றாம் நாளே பூக்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, டெய்லி சுத்திக்கினு கீற? இன்னா வேண்டுதலு?"

போட்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாம், ஒரு மண்டலம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், வீதி முழுக்கச் செய்தி போய்விட்டது.

ஐந்தாம் நாள் என் வயதுப் பெண் ஒருத்தி ஈரத் தலையோடு முனையில் நின்றாள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். "நீங்க மண்டலம் சுத்தறேளாமே, நானும் கூட வரட்டுமா?" என்றாள். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை என்று பூக்காரம்மா பின்னால் சொன்னாள். என் பொய்யை நம்பி ஒருத்தி தெய்வத்திடம் குழந்தை கேட்டு நடக்கிறாளே என்று இருந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒரு நாள் தவறவில்லை. எனக்குச் சோம்பலாக இருக்கும் நாட்களில், முனையில் காத்துக்கொண்டு நிற்பாளே என்று நினைத்துத்தான் எழுந்திருப்பேன். மூன்று வாரத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. நடையும் வந்துவிட்டது. புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இருவரும் போகிற வேகத்தில், பால்காரர்கள் சைக்கிளை ஒதுக்கி வழி விடுவார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த மாதிரி நேரங்களில்தான்.

போட்டிக்கு முந்தின நாள் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டேன். அழுகை வேறு வந்துவிட்டது. அவள் குளத்துப் படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

"உன்னோட நடந்த ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும். வேண்டிண்டு நடக்கறவ கோபுரத்தைப் பாப்பாளா, சுத்துக்குச் சுத்து வாட்ச்சைப் பாப்பாளா?"

"தெரிஞ்சுமா கூட வந்தே? அப்போ உன் வேண்டுதல்?"

"எனக்கும் ஒண்ணும் கிடையாது. ஆத்துல பதினோரு பேர். எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் யாராவது கூப்பிட்டுண்டே இருப்பா. ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடாம இருக்கணும். சுவாமி பேரைச் சொன்னாத்தானே விடறா." பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நாளையோட அதுவும் முடிஞ்சுது. நீ நன்னா நட."

மறுநாள் போட்டிக்காகப் பாண்டி பஜாரில் வாங்கிய புது கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். நாற்பத்தேழு நாள் வெறுங்காலில் பழகிவிட்டு, அன்றைக்குப் போய் ஷூ! என்னை மாதிரி புத்திசாலி உண்டா? சாந்தோம் தாண்டுவதற்குள் இரண்டு குதிகாலும் கொப்புளித்துவிட்டன. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கடற்கரை வரை போய்த் திரும்பி, அடையாறு வந்து சேர்ந்தபோது எனக்குப் பின்னால் நான்கே பேர். ஆனால் முடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் முழுசாக முடித்த முதல் காரியம் அது. அண்ணன் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

அதற்கடுத்த நாள் காலை ஆசை தீரத் தூங்கலாம் என்று படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. இந்நேரம் அவளை யார் யார் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்றே மனம் ஓடியது. அன்று மாலை நொண்டிக்கொண்டே அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் வந்ததில் அவள் முகம் வெளிறிவிட்டது.

"மாமி, ஒரு மண்டலம் போதாதாம். மூணு மண்டலம் சுத்தினாத்தான் பலனாம்" என்றேன்.

"யார் சொன்னா?"

"எங்க ஊர்ல பெரியவங்க சொல்வாங்க மாமி. ரெண்டு பேரா ஆரம்பிச்சா ரெண்டு பேராத்தான் முடிக்கணுமாம்."

மாமி முறத்தைக் கீழே வைத்தார். என் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். நான் மாட்டிக்கொண்டால் எனக்கு ஒன்றுமில்லை, அவள்தான் அந்த வீட்டில் இருந்தாக வேண்டியவள்.

"ஆறரைக்குள்ள ஆத்துக்கு வந்துடணும்" என்றார் மாமி கடைசியில்.

மூன்று மண்டலம் முடிந்ததும் இன்னொரு காரணம் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு மாமி காரணம் கேட்பதையே விட்டுவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. எந்தப் போட்டி அறிவிப்பைப் பார்த்தாலும் பெயர் கொடுத்துவிடுவேன். சிலவற்றில் முடித்தேன், ஒன்றில் மயக்கம் போட்டு விழுந்தேன், பரிசு மட்டும் கடைசி வரை வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அவள் கணவருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. கிளம்புகிற அன்று காலையிலும் ஏழு சுற்று நடந்தோம். பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

நான் வேண்டுதல் என்று சொன்ன பொய்க்குத் தண்டனை உண்டா என்று தெரியாது, இருந்தால் வாங்கிக்கொள்கிறேன். இப்போது நானும் ஒரு மாமியார். காலையில் என் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகும்போது, எங்கே போகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, வீட்டில் வேறு யாரையும் கேட்க விட்டதுமில்லை.