அடுப்பில்லாத ஊட்டுக்காரி

புவனேஸ்வரி தினமும் எழுநூறு பேருக்குக் குழம்பு வைக்கிறவள். அவள் வீட்டில் அடுப்பு கிடையாது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்ட வேண்டாம். அடுப்பு வாங்க வக்கில்லாத வீடு இல்லை அது. கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி மூணு ஏக்கர் நஞ்சை, மாடி வீடு, வாசலில் பைக் என்று எல்லாம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் பரணிதரனுக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறிப்போனது. பயந்துபோய் மூணு நாள் இயற்கை வாழ்வு முகாம் ஒன்றுக்குப் போனார். திரும்பி வந்ததும் வராததுமாக அடுப்பைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டார்.

"நெருப்பு பட்டதெல்லாம் பொணம், புவனா. இனிமே இந்த ஊட்ல பொணம் துன்றது கெடையாது" என்றார்.

அன்றிலிருந்து காலை நாஷ்டாவுக்கு முளைகட்டின பயறு. மத்தியானம் பச்சை வெண்டைக்காயும் தேங்காய்த் துருவலும். சாயங்காலம் ஊறவைத்த அவல். அவருக்குச் சர்க்கரை இறங்கியது என்னவோ நிஜம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் சர்க்கரை இல்லாத மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? மகள் அருணா செவ்வாப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போய் முதல் வாரமே பெரிய குக்கராகப் பார்த்து வாங்கினாள். மகன் விமல் ஓசூரில் வேலைக்குப் போனவன் பண்டிகைக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. நெல் விளைகிற வீட்டில் பொங்கலன்று பொங்கல் பொங்கவில்லை என்றால் எவன் வருவான்!

புவனேஸ்வரி சண்டை போடவில்லை. வேலைக்குப் போனாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனில் காய் வெட்டுகிற வேலை. வீட்டில் அப்படித்தான் சொன்னாள், முதல் மாசம் அது உண்மையும்கூட. அப்புறம் ஒருநாள் குழம்பு மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, இவள் கரண்டியைப் பிடித்தாள். அன்றைக்கு எழுநூறு பேரும் தட்டை வழித்துத் தின்றுவிட்டு யார் வைத்த குழம்பு என்று கேட்டார்கள். பிடித்த கரண்டியை அவள் விடவே இல்லை. இந்தச் சேதியை மட்டும் வீட்டில் சொல்ல மறந்துவிட்டாள். ஏழு வருஷமாக மறந்துகொண்டே இருக்கிறாள்.

புருஷன் கட்டிக்கொடுக்கிற பயறு டப்பா கேட்டோடு சரி. செக்யூரிட்டி எட்வர்ட் அங்கே ஓர் ஆடு வளர்க்கிறார். கம்பெனி வேன் வந்து நின்றால் போதும், அது எழுந்து புவனேஸ்வரியிடம் ஓடிவரும். அந்த வட்டாரத்திலேயே அப்படியொரு கொழுத்த ஆடு கிடையாது.

மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்காருவாள். ஆவி பறக்கிற சோறு, அதில் குழம்பு, ஓரத்தில் ஒரு அப்பளம். புதன்கிழமை என்றால் பழவேற்காட்டு மடவை மீன். அந்த அரைமணி நேரம் அவளிடம் யாரும் பேச மாட்டார்கள், அவளும் யாரிடமும் பேச மாட்டாள். அந்த ஒரு வேளைச் சோற்றுக்காகத்தான் மிச்ச நேரமெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பயறு மென்றாள்.

இதில் டிவிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

'இப்படியும் ஒரு குடும்பம்' என்று ஒரு நிகழ்ச்சி. வீட்டுக்குள் பேசாமல் சீட்டு எழுதியே குடித்தனம் நடத்துகிறவர்கள், மூணு வேளையும் பிஸ்கட்டே தின்கிற அண்ணன் தம்பிகள், இப்படித் தேடிப்பிடித்துக் காட்டுவார்கள். பரணிதரன் தன் வீட்டை வீடியோ எடுத்து அவராகவே அனுப்பியிருந்தார். மெட்ராஸிலிருந்து ரம்யா என்று ஒரு பெண் கேமராவோடு வந்து இறங்கினாள். வெண்டைக்காய் கடிப்பதைப் பத்து நிமிஷம் எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், இது பத்தாது. இன்னும் கொஞ்சம் எக்ஸ்ட்ரீமா இருக்கணும்."

பரணிதரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே வயலுக்குப் போய், பால் பிடித்த கதிரை உருவி உமியோடு மென்று காட்டினார். தொண்டையில் சுணை ஏறி அரைமணி நேரம் இருமினார். இருமலையும் விடாமல் எடுத்தார்கள்.

அப்புறம் புவனேஸ்வரி பக்கம் திரும்பினாள் ரம்யா. "அக்கா, ஒன்பது வருஷத்துல ஒரு நாளாச்சும் எதுக்காவது ஏங்கினீங்களா?"

ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. கேமராவுக்குப் பின்னால் புருஷன் நிற்கிறார். "சூடா கொஞ்சம் சோத்துக்கு" என்று சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனைக்கும் அன்று காலைதான் கேன்டீனுக்கு லீவு சொல்லியிருந்தாள், ஒரு வேளைதான் தவறியிருந்தது.

"சூப்பர்க்கா! நாளைக்கு உங்க கம்பெனில எடுக்கறோம். எழுநூறு பேரு சுடச்சுட சோறு துன்னும்போது நடுவுல நீங்க பயறு சாப்பிடறீங்க. பர்மிஷன் வாங்கியாச்சு."

புவனேஸ்வரி போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். உதவிக்கு இருக்கிற சரவணனிடம், "டேய், நாளைக்கி நீதான் மாஸ்டரு. நான் வெறும் காய் வெட்றவ. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுடு, மானத்தக் காப்பாத்துடா" என்று கெஞ்சினாள்.

"வுடுக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றான் அவன்.

சொன்ன மாதிரியே பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் புதன்கிழமை. வெள்ளை வேட்டியில் பரணிதரனும் கூடவே கிளம்பி வந்துவிட்டார். கேன்டீனே வாயை மூடிக்கொண்டு நாடகம் ஆடியது. ஆட்டுக்கு மட்டும் ஒத்திகை கொடுக்க மறந்துபோனார்கள். அது ஓடிவந்து டப்பாவை முட்டியது. "பாத்தீங்களா மேடம், இயற்கை உணவுன்னா ஆட்டுக்குக்கூட தெரியுது!" என்றார் பரணிதரன்.

புவனேஸ்வரி கத்தரிக்காய் வெட்டினாள். கேமரா அவளைப் பின்தொடர்ந்தது. வெட்டினதைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அண்டாவில் மடவை மீன் குழம்பு கொதிக்கிறது. மூக்கில் வாசனை ஏறியதும் தெரிந்துவிட்டது, புளி தூக்கல். ஏழு வருஷப் பழக்கம் புருஷனையும் பார்க்காது, கேமராவையும் பார்க்காது. கை தானாகக் கரண்டியை எடுத்தது. ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் ஊற்றி, ஒரு நக்கு நக்கி, நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

"இன்னாடா சரவணா, உப்பே பத்தல. ரெண்டு கை அள்ளிப் போடு, புளி அடங்கிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாலடி தள்ளி நின்றிருந்த பரணிதரன் அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது அவர் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பதினோரு நாள் பேசவில்லை. இவளுக்கு உள்ளுக்குள் உதறல்தான், இல்லையென்று சொல்ல முடியாது. இனி வேலைக்குப் போகாதே என்பாரோ, அந்த ஒரு வேளைச் சோற்றுக்கும் உலை வைப்பாரோ என்று. ஆனாலும் நெஞ்சில் ஏதோ ஒரு மூட்டை இறங்கின மாதிரியும் இருந்தது. எப்படியோ மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் பொய் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி வந்தது. தெருவே அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. கதிர் மென்றார், இருமினார், இவள் அழுதாள். அப்புறம் கேன்டீன். கரண்டியை எடுக்கிறாள், குனிகிறாள். அங்கே படக்கென்று ஒரு வெட்டு. உள்ளங்கையைக் காணோம், நாக்கைக் காணோம். மூக்கு மட்டும் திரை முழுக்க நின்றது. பின்னணியில் இடி இடித்தது. "சமைத்த உணவை ஒன்பது ஆண்டுகளாகத் தொடாத இந்தத் தாய், வாசனையை வைத்தே எழுநூறு பேர் குழம்புக்கு உப்பு சொல்கிறார்!" என்று ஒருவர் கரகரத்த குரலில் சொன்னார்.

கூடம் கைதட்டியது. பரணிதரன் மெதுவாக எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் பாவி, புவனா. அன்னிக்கி நீ நக்கிப் பாத்தேன்னு நெனச்சுக்கினு இத்தினி நாளு மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு இருந்தேன். இப்பதான் தெளிவாத் தெரியுது. மோந்துதான் பாத்துக்கீற."

நாலடி தூரத்தில் தன் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு டிவி சொன்னதை நம்புகிற மனுஷனிடம் என்ன பேசுவது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

அதோடு பிடித்தது பேஜாரு. கேன்டீன் சூப்பர்வைசர் அருணாச்சலம் 'நமது பெருமை' என்று அவள் போட்டோவை ஒட்டினார். பக்கத்துக் கம்பெனியிலிருந்தெல்லாம் வந்து அவள் மூக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரெண்டு மணிக்கு ஸ்டோர் ரூமுக்குப் போனால் பின்னாலேயே நாலு போன். "அக்கா, பயறு சாப்ட்றத ஒரு ரீல்ஸ் எடுத்துக்கறோம்." வேறு வழியில்லாமல் நிஜமாகவே பயறு தின்றாள். நக்கிப் பார்க்க முடியாமல் போன ஒரு நாள் சாம்பார் உப்புக் கரித்தது. அதற்கும் திட்டு வாங்கியவன் சரவணன்தான், மோந்து பார்க்கிறவர்கள் தப்பு செய்ய மாட்டார்களாம். கேட்டில் எட்வர்ட் ஒருநாள் வழிமறித்தார். "இன்னாம்மா நீ, டிவில வந்துட்டா போதுமா? என் ஆடு எப்டி எளச்சிப்போச்சு பாரு."

மூணு வாரம் பொறுத்தாள். நாலாவது புதன்கிழமை மடவை மீன் கொதித்து அடங்கியது. ரெண்டு மணி. கையில் பயறு டப்பாவோடு உட்கார்ந்தாள், எதிரே வழக்கம்போல நாலு போன். கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்தது. இது என்ன பொழப்பு! வெச்ச குழம்பை வெச்சவள் தின்னக்கூடாதா? டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நல்லா எடுங்கடா. இன்னிக்கி எம் புருஷன் பாக்கட்டும்."

தட்டு நிறையச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள், ரெண்டு துண்டு மீனை எடுத்து வைத்தாள். பிசைந்து முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். முள்ளை ஒதுக்கி, விரலை வழித்து, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு தின்றாள். அங்கே போன் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

வேன் அவளை இறக்கிவிடும் முன்பே வீடியோ வீடு போய்ச் சேர்ந்திருந்தது. வருவது வரட்டும் என்று செருப்பைக் கழற்றினாள். பரணிதரன் போனும் கையுமாகக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"நான்தான்" என்றாள் அவள், அவர் கேட்பதற்கு முன்பே. "ஏழு வருஷமா துன்னுக்கினுதான் இருக்கேன். மன்னிச்சிக்கோங்க, மன்னிக்காட்டியும் போங்க."

"நீ எதுக்கு பழிய ஏத்துக்குற? பயப்படாத, நான் கீறேன். எவனோ பொறாமைல ஏஐல பண்ணி உட்ருக்கான். கேஸ் குடுக்காம உட மாட்டேன்."

"அய்யோ, நான்தாங்க அது! எம் பொடவ, எங் கேன்டீனு!"

"பொடவைய எவன் வேணா போடலாம் புவனா. நான் பத்து வாட்டி பாத்துட்டேன்." போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். கண்ணை மூடிச் சோறு மெல்லுகிற அந்த முகத்தைப் பெரிதாக்கி, விரலால் தொட்டுக் காட்டினார். "மாட்டிக்கினான் பாரு இங்க. இருவத்தியாறு வருஷம் கூட குடும்பம் நடத்தினவன் நான், எனக்குத் தெரியாதா? இவ்ளோ சந்தோஷமா உம் மூஞ்ச நான் பாத்ததே இல்ல."