என்னைக் கேட்காமல் எடுத்த கால்

சாமை அறுத்த கொல்லையில் அடித்தாள் பாதத்தில் குத்தியது எனக்கு உறைக்கவே இல்லை. நரம்பு மரத்துப் போயிருந்தது (சர்க்கரை அதிகமானால் பாதத்தில் வலி தெரியாது). கிராமத்துச் சுகாதாரத் தன்னார்வலராக ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவள் நான். என் காலைத்தான் குனிந்து பார்க்கவில்லை. நல்ல லட்சணம்!

ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரல்கள் கறுத்திருந்தன. கேங்ரின் (ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போவது), முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். இதை டாக்டர் என் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

“அவங்களக் கேக்க வேணாமா?”

“அவளாண்ட இன்னா சார் கேக்கறது? பயந்துடுவா. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க.”

எனக்குக் காது நன்றாகவே கேட்டது. வாய்தான் வரவில்லை. கேட்டிருந்தால் நானும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு முன் ஒரு பொழுதாவது அந்தக் காலோடு இருந்து அழுதிருப்பேன். அதற்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

இதைப் படிக்கிற நீங்கள் கட்டிலில் படுத்திருந்தால், “என்னிடம் சொல்லுங்கள்” என்று சத்தம் போட்டுக் கேளுங்கள். என்னைப் போல் கிடக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். கட்டு மாற்ற, குளிப்பாட்ட, தூக்கி உட்காரவைக்க என்று ஆளாளுக்குக் கை வைத்தார்கள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. இல்லாத கட்டைவிரல் அரிக்கும். இருக்கிற உடம்பு யாருடையதோ போலிருக்கும். நாள், கிழமை எல்லாம் போய், கட்டு மாற்றும் நேரம், மாத்திரை நேரம் என்றாகிவிட்டது.

ஒரு மதியம் பக்கத்து வீட்டு ராணி கட்டு மாற்ற வந்தாள். பஞ்சைக் கையிலெடுத்தவள் நிறுத்தி, “தொடட்டுமாக்கா?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ராணியின் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் (இனிப் பிள்ளை பிறக்காமல் செய்வது) படிவம் கொண்டுபோனவள் நான்தான். புருஷனிடம் பேசினால் மலையில் வேலை சீக்கிரம் முடியும். அவனிடம் பேசி முடித்துவிட்டு, இவளிடம் மைப்பெட்டியை நீட்டினேன். ரேகை வைத்தாள்.

“ராணி, அன்னிக்கு உன்ன நான் ஒரு வார்த்த கேக்கலியே.”

“கேக்கலக்கா. நான் அங்கதான் புள்ளய இடுப்புல வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தேன்.”

“கேட்டிருந்தா?”

“வேணாம்னு சொல்லியிருப்பேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. ஐயோ, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “மன்னிச்சிடு” என்றேன். நான் அழுது முடித்து, “தொடு” என்று சொல்லும்வரை அவள் கை என் காலைத் தொடவில்லை.