உங்கள் முகம் உள்ள படங்கள்

முன்பின் தெரியாதவர்களின் கல்யாணங்களுக்கு வாரம் இரண்டு, மூன்று என்று போய்வருகிறவள் அவள். போய்வருகிறவள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். இருப்பதெல்லாம் மூன்றாவது மாடியில் ஓர் ஒற்றை அறையில், மடக்கு மேசைக்கு முன்னால். மேசையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் தண்ணீர் பாட்டில், கழுத்து வலிக்கு ஒரு தைலம். கல்யாணம் எங்கேயோ நடக்கும். படங்கள் மட்டும் இவளிடம் வந்து சேரும்.

வேலை இதுதான். விருந்து நடக்கும் ஹாலில் ஒவ்வொரு மேசையிலும் கட்டம் கட்டமாக அச்சடித்த ஓர் அட்டை நிற்கும். விருந்தாளிகள் அதை ஸ்கேன் செய்து, தங்கள் போனில் எடுத்த படங்களை அனுப்பலாம். அனுப்பியது நேராக ஆல்பத்துக்குப் போய்விடாது. இவள் பார்த்து 'சரி' என்று அழுத்த வேண்டும். அழுத்தினால் ஆல்பத்தில் ஏறும், ஹாலில் மாட்டியிருக்கும் பெரிய திரையிலும் எட்டு விநாடி தெரியும். காசு வாங்கிக்கொண்டு வரும் போட்டோக்காரர் மாப்பிள்ளை பெண்ணை விட்டுக் கேமராவைத் திருப்ப மாட்டார். மீதி உலகம் முழுவதும் விருந்தாளிகள் கையில்தான். வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் ஒரே சித்தப்பாவை நாற்பது பேர் நாற்பது கோணத்தில் எடுத்து அனுப்புவார்கள். அவர் மானத்தைக் காப்பாற்றுவது இவள் பொறுப்பு. கட்டைவிரல் மறைத்த படம், காலணி மட்டும் விழுந்த படம், கிழவர் ஒருவர் செல்ஃபி எடுக்கத் தெரியாமல் தன் மூக்குத் துவாரத்தை எடுத்த படம் எல்லாம் இவளோடு நின்றுவிடும்.

நாலு வருஷமாக இதே வேலை. அதற்கு முன்னால் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் தட்டச்சு. அங்கே ஆட்களைக் குறைத்தபோது இவளையும் குறைத்துவிட்டார்கள். இந்த நிறுவனத்தின் முதலாளி முப்பது வயதுக்காரன். அவனை நேரில் பார்த்தது இரண்டு தடவை. போனில் 'அக்கா' என்பான். ஹாலில் மேசை போடுகிறவர்கள், பூ கட்டுகிறவர்கள், திரை மாட்டுகிறவர் எல்லோருக்கும் இவள் 'ஆல்பம் அக்கா'. அக்கா என்று கூப்பிட ஊரே இருந்தது. கூப்பிட உரிமையுள்ள ஒருத்தி மட்டும் கூப்பிட்டு இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது.

தனியாக இருக்கிறவர்களைக் கண்டால் 'நிம்மதியான வாழ்க்கை' என்று சொல்ல நாலு பேர் எப்போதும் தயாராக இருப்பார்கள். அவர்களை ஒரு மாசம் இந்த அறையில் உட்கார வைக்க வேண்டும். சில நாள் அவள் வாயைத் திறந்து பேசும் முதல் வார்த்தைக்கு மத்தியானம் ஆகிவிடும். குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல வரும். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால்தான் உட்காருவாள். அங்கே ஏழாம் எண் மேசையில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரு தடவை படத்தில் ஒரு குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு அழுதது. "கொஞ்சமா சாப்பிடு, போதும்" என்று அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு ஜன்னலைப் பார்த்தாள், யாரும் கேட்டிருப்பார்களோ என்று. கேட்க யார் இருக்கிறார்கள்?

இந்த வேலையில் ஒரு சோதனை உண்டு. விருந்தாளி ஒருவர் தன் முகத்தைப் படம் எடுத்துக் கொடுத்தால், ஆயிரக்கணக்கான படங்களில் அவர் இருக்கிறவற்றை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கும். முதல் நூறு படம் வந்து சேர்ந்ததும் அந்தத் தேடல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மண்டபத்துக்கே போகாத ஒரு முகம் வேண்டும் என்றான் முதலாளி. அதற்கு இவளைவிடப் பொருத்தமான முகம் எங்கே கிடைக்கும்? தன் முகத்தையே கொடுப்பாள். 'உங்கள் முகம் உள்ள படங்கள்: 0' என்று வரும். மற்றவர்களுக்குப் பூஜ்ஜியம் வந்தால் புகார். இவளுக்குப் பூஜ்ஜியம் வந்தால் எல்லாம் சரி. முதல் வருஷம் இதை நினைத்துச் சிரித்திருக்கிறாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, எண் வரும் நேரத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் பாட்டிலைத் திறந்தாள். குடித்துவிட்டுத் திரும்பினால் திரையில் 3 என்று இருந்தது.

தூக்கிவாரிப் போட்டது. உடனே முதலாளிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, தேடல்ல ஏதோ கோளாறு. என் முகத்துக்கு மூணு படம் காட்டுது."

"எங்களுக்கெல்லாம் தெரியாம எந்தக் கல்யாணத்துக்குக்கா போயிட்டு வந்தீங்க?" என்று அவன் சிரித்தான். "படத்தத் திறந்து பாத்தீங்களா?"

"இல்லப்பா."

"பாருங்க. உங்கள மாதிரியே யாராவது இருப்பாங்க. அது முகத்த அளந்து பாக்குற கணக்குதானே, சில சமயம் ஏமாந்துடும்."

போனை வைத்துவிட்டுத் திறந்தாள். முதல் படத்தில் மணப்பெண்ணின் தோளில் கை வைத்தபடி ஓர் அம்மாள் நின்றாள். கன்னம் இறங்கி, வாயோரம் இரண்டு கோடு விழுந்து, தன் முகம்தான். ஆனால் தன்னிடம் இல்லாத சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது. இரண்டாவது படம் கிட்டத்தில் எடுத்தது. இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை உண்டாக்கியவளே இவள்தான். எட்டு வயதில், நாலு வயதுத் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி, படியில் போட்டுவிட்டாள்.

சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஜாடையே கிடையாது. அக்கா அப்பா மாதிரி, தங்கை யார் மாதிரியும் இல்லை என்பார்கள். வயதாக ஆக, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமிருந்து நடந்து அம்மாவின் முகத்துக்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

தங்கை தானே பார்த்த ஒருவனைக் கட்டிக்கொண்டவள். அப்பா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: அந்தக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் திரும்பி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள், சாப்பாட்டு இடைவேளையில், தங்கை இவளுடைய அலுவலக வாசலுக்கு வந்து நின்றாள். "மேடைக்கெல்லாம் வர வேணாம்க்கா. வாசல்ல வந்து எங்கூட ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடு. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது" என்றாள். அப்போது இவளுக்கு இருபத்தெட்டு. அப்பாவிடம் நல்ல பெயர் வாங்குவதுதான் வாழ்க்கை என்று நினைத்திருந்த வயது. "எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நினைச்சுக்கிறேன். நீயும் அப்படியே நினைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தட்டச்சு செய்தாள். அன்றைக்கு ஒரு பிழைகூட விழவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வரும். அப்பா அதற்கப்புறம் பதினாறு வருஷம் இருந்தார். பார்த்துக்கொள்ள இவள் இருந்தாள். அவர் போன பிறகு தங்கையைத் தேடினால், பழைய விலாசத்தில் வேறு யாரோ இருந்தார்கள்.

இப்போது தங்கையின் மகளுக்குக் கல்யாணம். ஹால் இரண்டு பஸ் தூரம். எழுந்து புடவையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அழைக்காத விருந்துக்கு என்ன முகத்தோடு போவது? இருக்கிற முகமோ அப்படியே அந்த வீட்டு அம்மாவுடையது. வாசலில் நிற்கிறவனே கேள்வி கேட்பான்.

ஆனால் படம் அனுப்ப யாரும் அழைக்க வேண்டியதில்லை. அந்த இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் அனுப்பலாம். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தாள். ஸ்டுடியோவில் எடுத்தது. தங்கைக்கு ஆறு வயது, இவளுக்குப் பத்து. ஒரே துணியில் தைத்த கவுன். தங்கை ஓடிவிடுவாள் என்று இவள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அதைப் போனில் படமெடுத்து, விருந்தாளியைப் போலவே அனுப்பினாள். பெயர் கேட்ட இடத்தைக் காலியாக விட்டாள். வாழ்த்து கேட்ட இடத்தில் 'நல்லா இரு கண்ணு' என்று எழுதினாள்.

படம் அவளுடைய திரைக்கே வந்து, முப்பத்தேழாவதாக வரிசையில் நின்றது. வரிசையை மீறக்கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. முன்னால் இருந்த முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முப்பத்தேழாவதுக்கு 'சரி' என்று அழுத்திவிட்டு எட்டு வரை எண்ணினாள்.

அந்த எட்டு விநாடியில் தங்கை திரையைப் பார்த்தாளா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அடுத்தடுத்து வரும் படங்கள்தான். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நூற்று நாற்பது படத்தில் ஐந்தில் தங்கை இருந்தாள். ஒன்றில் யாரையோ கும்பிடுகிறாள். ஒன்றில் மகளின் முடியைச் சரிசெய்கிறாள். மீதி மூன்றில் முதுகு. திரையைப் பார்க்கும் தங்கையை எடுக்க வேண்டும் என்று அந்த ஹாலில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆல்பம் எல்லோர் போனுக்கும் போனது. அந்தப் படத்துக்குக் கீழே பேச்சு ஆரம்பித்துவிட்டது. மணப்பெண் முதலில் எழுதினாள்: "ஐயோ, இது எங்கம்மா! பக்கத்துல யாரும்மா இது?" மாப்பிள்ளை வீட்டில் யாரோ, "ரெண்டு பேரும் ஒரே கவுன், அக்கா தங்கச்சி மாதிரியே இருக்காங்களே" என்று எழுதினார்கள். மணப்பெண்ணின் அப்பா, "எனக்கே தெரியலையே. அவளுக்குத்தான் கூடப் பொறந்தவங்கன்னு யாருமே கிடையாதே" என்று எழுதியிருந்தார். இப்படி முப்பது பேர். தங்கை மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

படம் அனுப்பச் சந்தேகம் கேட்டுப் போன் செய்யும் விருந்தாளி ஒவ்வொருவரிடமும், "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிச்சுக்கோங்க, எல்லாரும் பாப்பாங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறவள் இவள். ஒருத்தி பார்க்க வேண்டும் என்கிற ஆசையில், முந்நூறு பேர் பார்ப்பார்கள் என்பது மறந்துபோயிற்று. புரிந்ததுமே படத்தை நீக்கியிருக்கலாம். அவள் கையில்தான் இருந்தது. நீக்கவில்லை. தங்கை ஒரு வார்த்தை எழுதமாட்டாளா என்று காத்திருந்தாள். இது சுயநலம்தான், அவளுக்கே தெரியும்.

திங்கட்கிழமை காலை தங்கை எழுதினாள். ஆல்பத்துக்குக் கீழே அல்ல, நிறுவனத்துக்கு. படம் வேண்டாம் என்கிறவர்கள் எழுத ஒரு படிவம் உண்டு. காரணம் எழுதும் பெட்டியில் பெரும்பாலும் 'குண்டாகத் தெரிகிறேன்' என்று இருக்கும். இதில் இப்படி இருந்தது:

"மேடம், நான் பொண்ணோட அம்மா. கவுன் போட்ட ரெண்டு பொண்ணுங்க படத்த எடுத்துடுங்க. பக்கத்துல இருக்கிறது எங்கக்கா. எனக்கு யாருமில்லன்னு வீட்டுல சொல்லியே இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்பப் போய் மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னாடி என்னன்னு சொல்றது. அக்காதான் அனுப்பியிருக்கணும். அவங்க மேல இப்பக் கோவம் இல்ல. ஆனா அவங்க சொன்னபடியே இருந்து பழகிடுச்சு. என் போன்ல ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டேன். அது எனக்குப் போதும்."

அதற்கு மேலே தங்கையின் போன் எண் இருந்தது. கோரிக்கை முடியும்வரை எண் தெரியும். அவள் பேனாவை எடுத்தாள். முதல் நாலு எண்ணை எழுதிவிட்டு நிறுத்தினாள். தங்கை கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. அதையாவது கேட்டபடி முழுசாகச் செய்யலாம் என்று தோன்றியது. எழுதியதைக் கிறுக்கி அடித்தாள்.

படத்தை நீக்கினாள். கீழே இருந்த முப்பது பேர் பேச்சும் அதோடு போயிற்று. பதிலுக்கு நிறுவனத்தின் வாசகம் தயாராக வந்து நின்றது: 'நீங்கள் கேட்ட படம் நீக்கப்பட்டது. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும்.' நாலு வருஷமாக ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பிய வாசகம். இன்றைக்கு முதல்முறையாகக் கடைசியில் இரண்டு வார்த்தை சேர்த்தாள்: 'தப்பு என்னுடையதுதான்.' அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது.

"ஐயோ, பரவால்ல மேடம். நீங்க என்ன தப்பு பண்ணீங்க? உங்களுக்கு எங்கள யாருன்னே தெரியாதே."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு 'கோரிக்கை முடிந்தது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். எண் மறைந்தது. சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது, அதற்கான ஆல்பத்தைத் திறந்தாள்.