ஆண்டையின் படகுக்குத் தரை போட்டேன்

வழவழவென்று மின்னும் தரையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மகன் வீடு கட்டி, மருமகள் புதுத் தரையைக் காட்டி, "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் இங்கே இருந்த காலம். இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த சேரியில் எங்கள் குடிசை. நான் படியாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. ஒருவருடைய கழனிக்கென்றே பிறந்து, அதிலேயே உழுது, அதிலேயே சாகிறவனுக்குப் படியாள் என்று பெயர். அந்த ஒருவரை ஆண்டை என்போம். என் நைனா, அதாவது என் அப்பா, இந்த ஆண்டையின் தகப்பனார் காலத்திலிருந்து உழுதவர். முட்டி வீங்கிக் காலை மடக்க முடியாமல் போனதும் அவரை ஒதுக்கிவிட்டு என்னை நிறுத்தினார்கள். உனக்குச் சம்மதமா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. எருது படுத்துவிட்டால் இன்னொன்றைப் பூட்டுகிறார்கள், அதைக் கேட்டா பூட்டுகிறார்கள்?

அந்த வருஷம் கோடையில் கழனி காய்ந்து கிடந்தபோது, மழை வரும்வரைக்கும் போய்வா என்று ஆண்டை விட்டதால் நான் ஆவடிக்குப் போனேன். பட்டாளத்துக்காக அங்கே வரிசை வரிசையாகக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேஸ்திரி என்னைத் தரை போடுகிற ஆட்களோடு சேர்த்துவிட்டார். அதிகாரிகள் தங்கும் அறைகளுக்கு லினோலியம் போடுவார்கள். மெழுகுத் துணி மாதிரி பளபளப்பு, செருப்புத் தோல் மாதிரி தடிமன், பாயைப் போலச் சுருட்டி வரும். வெயிலில் விரித்து இளக வைக்க வேண்டும், அளவாக வெட்ட வேண்டும், தாரைக் காய்ச்சித் தடவி அதன்மேல் ஒட்ட வேண்டும். எனக்குக் கை வந்துவிட்டது. ஆனால் எனக்கு அங்கே பிடித்தது அந்த வேலை இல்லை. மத்தியானம் மணி அடித்ததும் அத்தனை பேரும் ஒரே குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தோம். நீ எந்தத் தெரு என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

ஆடி மாதம் மழை இறங்கியதும் ஆண்டையின் ஆட்கள் வந்து என்னைக் கையோடு அழைத்துப் போய்விட்டார்கள். கிளம்பும்போது மேஸ்திரி, "பொண்டாட்டிய இட்டுகினு வந்துடுப்பா. குடிசை போட எடம் நான் தரேன்" என்றார். அதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து என் மனைவிக்கு வேறு பேச்சே இல்லை. தை பிறந்தபோது அவள் முழுகாமல் இருந்தாள். "எம் புள்ள அந்த ஆளு மாட்டுக்குப் பின்னாடி கோல் எடுத்துகினு நடக்கக் கூடாது. ஆவடில போய்த்தான் பெறுவேன்" என்று நின்றாள்.

போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆண்டை விட்டால்தான் போகலாம். சொல்லாமல் போன ஒருத்தனின் குடிசையைப் பிரித்து எறிந்து, அவனைப் பெற்றவர்களைப் புளியமரத்தில் கட்டி வைத்ததை எங்கள் சேரியே பார்த்திருக்கிறது. எங்கள் குடிசை இருந்த மண்ணும் அவருடையது.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டைக்குப் படகு ஆசை வந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஏரியில் வாத்துச் சுட வைத்திருந்த படகு. அகலமான மரப்படகு, நடுவில் இரண்டு வில்வண்டியைச் சேர்த்தாற்போல் ஓர் அறை, அதற்கு முன்பக்கம் இரட்டைக் கதவு. ஏரியில் படகு விட யாருக்கும் அனுமதி கிடையாது. ஆண்டைக்கு மட்டும் கிடைத்தது. எத்தனை அதிகாரி வீட்டுக்கு நெய் போயிற்றோ, எனக்குத் தெரியாது.

அறைக்குள் தரை முழுக்கக் கம்பளம். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். தண்ணீர் ஊறி ஊறி அழுகி, உள்ளே தலையை விட்டால் குடலைப் புரட்டும். ஆண்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாடா, ஆவடில தரை போடக் கத்துகினியாமே?"

"ஆமாங்க ஆண்டே."

"அந்த நாத்தம் புடிச்ச கம்பளிய எடுத்துட்டு லினோலியம் போட்டுக் குடு. நல்லா போட்டுட்டீன்னா நீ ஆவடிக்குப் போவலாம். நானே அனுப்பறேன்."

என் காதை நான் நம்பவில்லை. குடிசைக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே பானை சட்டிகளைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

கம்பளத்தை எடுத்ததைச் சொல்ல வேண்டும். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பித்தளை ஆணிகள் அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிட்டு இழுத்தால் அது மொத்தமாக வரவில்லை, கை கையாகப் பிய்ந்து வந்தது. அடியில் மீன் செதில், வாத்து இறகு, சுருட்டுத் துண்டு, புழு. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நானும் நைனாவும் அதைக் கூடை கூடையாக வாரினோம். நைனா கரையில் நின்று வாங்கிக் கொட்டினார். ஆண்டை கரைமேல் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மூக்கில் ஒரு பன்னீர்த் துணியை வைத்துக்கொண்டு, "சுரண்டுடா, நல்லா சுரண்டுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பலகையில் நான் மண்டி போட்டுச் சுரண்டியபோது தீட்டு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

பலகை காய்வதற்கு வெயில் வேண்டும் என்று கதவைத் திறந்து போட்டேன். இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்துத் தார் ஊற்றினேன். படகுக்கு நேர்க்கோடு கிடையாது, எல்லாப் பக்கமும் வளைவு. பழைய சாக்குகளைத் தைத்து உள்ளே விரித்து, வளைவுக்குத் தக்கபடி கத்தரித்து, அந்தச் சாக்கை, ஆண்டை பட்டணத்திலிருந்து தருவித்த லினோலியத்தின் மேல் போட்டு வெட்டினேன். ஒட்டி முடித்து ஓரத்துக்கு ஆணி அடித்தபோது ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. நான் போட்ட தரைகளிலேயே அதுதான் நல்ல தரை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மேலே மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு, "தார் இறுகற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாதுங்க ஆண்டே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் கூத்து. வெள்ளைக்காரன் மாட்டுக்கறி தின்ற அறை, பிறகு சேரிக்காரன் மண்டி போட்டுத் தவழ்ந்த அறை, அதில் அப்படியே கால் வைப்பதா என்று ஆண்டை வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. ஐயரைக் கேட்டிருக்கிறார்கள். புதுத் தரை போட்டால் புது வீடு மாதிரிதான், கிரகப்பிரவேசம் செய்துவிட்டால் எல்லா தோஷமும் போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கிரகப்பிரவேசம் என்றால் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் விடமாட்டார்கள். ஆனால் அது வீட்டுக்கு. தண்ணீரில் மிதக்கிற படகுக்குள் மாட்டை ஏற்றிய புத்திசாலிகளை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் போனால் படகுக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறது. மணல் மூட்டைகளைத் தூக்கிக் கரையில் போட்டிருக்கிறார்கள். கரையிலிருந்து படகுக்கு ஒரு பலகை. மஞ்சள் பூசிய பசு ஒன்று, அதன் கன்று, ஐயர், பட்டு கட்டிய ஆண்டை, அவருடைய சொந்தக்காரர்கள். நான் பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஆண்டே, தார் இன்னும் இறுகல. குளம்பு பட்டா கியிஞ்சிடுங்க. மாடு வழுக்கும்."

"எட்டி நில்லுடா. நல்ல காரியம் நடக்கற எடத்துல உன் நெழலு விழக் கூடாது. எனக்கு சாஸ்திரம் சொல்ல வந்துட்டான்."

கரையில் தள்ளிப் போய் நின்றேன். பக்கத்தில் நைனா நின்றார். நான் அங்குலம் அங்குலமாக முட்டியால் தேய்த்துப் போட்ட தரைமேல் என் நிழல் விழக் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், ஆவடிக்காக.

பசுவை வாலை முறுக்கி ஏற்றினார்கள். அதற்கு அந்தத் தரை பிடிக்கவில்லை. நாலு காலையும் உள்ளே வைத்ததும் மூத்திரம் பெய்தது. மங்களம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கம்பளமாக இருந்தால் உறிஞ்சியிருக்கும். லினோலியம் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. எல்லாம் தேங்கி நின்றது. அந்த ஈரத்தில் கன்று காலை வைத்து விழுந்தது. கன்று கத்தியதும் பசு திரும்பியது. திரும்ப இடம் ஏது? நாலு காலையும் பரப்பிக்கொண்டு வழுக்கி, குளம்பால் தரையைப் பிராண்டி எடுத்துவிட்டது. கிழிகிற சத்தம் கரைவரைக்கும் கேட்டது. பசுவும் கன்றும் பலகை வழியாகக் கரைக்குப் பாய்ந்து ஓடின. படகு மறுபக்கம் சாய்ந்தது. ஆரத்தித் தட்டோடு படகின் விளிம்பில் ஏறி நின்றிருந்த ஆண்டை ஏரிக்குள் போனார்.

ஆழம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வண்டல் சேறு. இடுப்புவரைக்கும் சேறு, அதற்குமேல் மார்வரைக்கும் தண்ணீர். அசைந்தால் இன்னும் இறங்கும். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கரையில் நின்று ஐயோ ஐயோ என்றார்களே தவிர, ஒருத்தரும் பட்டு வேட்டியை நனைக்கவில்லை. ஆண்டையின் கண் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்மேல் வந்து நின்றது.

"டேய், பாத்துகினு நிக்கிறியேடா! எறங்கி வாடா!"

"எட்டி நிக்கச் சொன்னது நீங்கதானே ஆண்டே."

"இப்ப வாடான்றேன்!"

அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "தரை போட்டுட்டேன். நான் ஆவடிக்குப் போவலாமா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"தரை கியிஞ்சி கீதுடா!" சேற்றில் நின்றுகொண்டும் அந்த மனிதர் அதைத்தான் சொன்னார்.

"கியிச்சது உங்க மாடு."

நைனா என் கையைப் பிடித்து உலுக்கினார். "யாருகிட்ட இன்னாடா பேசற?" என்றார். நான் அசையவில்லை. தண்ணீர் ஆண்டையின் கழுத்தைத் தொட்டதும் அவர் கத்தினார்: "போய்த் தொலைடா! ஆவடிக்கே போ! இப்ப கையக் குடு!"

ஊர் முழுக்கக் கேட்டது. நான் இறங்கினேன். பலகையைச் சேற்றின்மேல் போட்டுப் படுத்து அவரைப் பிடித்தேன். என் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். குழந்தைகூட அப்படிக் கட்டிக்கொள்ளாது. கரைக்கு வந்து கால் தரையில் பட்டதும் என்னைத் தள்ளிவிட்டார். சொந்தக்காரர்களை வீட்டுக்கு ஓடிக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஏரியிலிருந்து வந்தவர் நின்ற இடத்திலேயே நாலு குடம் ஊற்றிக்கொண்டு, என்னைத் தொட்ட தீட்டைக் கழித்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தலையைத் துவட்டியபடி என்னைப் பார்த்தார். இப்போது குரல் சாந்தமாக இருந்தது.

"நாலு பேர் முன்னால சொல்லிட்டேன். நீ போவலாம். ஆனா கழனிக்கு ஆள் வேணும். தரையும் கியிஞ்சி கெடக்குது. உன் எடத்துக்கு உங்கப்பன் வரட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா, "வரேன் ஆண்டே" என்று சொல்லிவிட்டார்.

குடிசைக்கு வந்ததும் நான் குதித்தேன். "நான் போவல நைனா. காலை மடக்க முடியாத உன்ன ஏர்ல பூட்டிட்டு நான் போவணுமா? அந்த ஆள சேத்துலயே உட்டுட்டு வந்திருக்கணும்." என் மனைவி மூலையில் உட்கார்ந்து அழுதாள். நைனா சத்தம் போடவில்லை.

"மண்டி போட்டு எனக்குப் பழகிப்போச்சிடா. பொறக்கப்போற புள்ளைக்குப் பழக வேணாம். விடிஞ்சதும் கெளம்பு. நீ இங்க இருந்தா நான் அவன்கிட்ட சொன்ன வார்த்தை வீணாப்பூடும்."

மறுநாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆவடிக்குப் போகிற வழியில், ஏரிக்கரைமேல் பூந்தமல்லிப் பக்கம் நடந்தோம். படகு கட்டின இடத்திலேயே இருந்தது. கதவு திறந்திருந்தது. நைனா உள்ளே, வீங்கிய காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, மற்றக் காலில் மண்டி போட்டுக் கிழிசலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கரைமேலிருந்து "நைனா" என்று கூப்பிட்டேன். சுத்தியல் நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சுத்தியல் சத்தம் கேட்டது.

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூந்தமல்லி போய்ச் சேரும்வரைக்கும் அவள் அந்தப் பிடியை விடவே இல்லை. விட்டால் நான் திரும்பிப் போய் அந்தப் படகைக் கொளுத்திவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.