என் வீட்டுக்காரருக்கு வரைந்த எழுத்துகள்

கல்யாணமாகி ஒரு வருடம் போன பிறகுதான் அவருக்கு வாசிக்கச் சிரமம் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் சேலத்தில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். கோழிப்பண்ணைகளுக்குத் தீவனக் கணக்கு, முட்டைக் கணக்கு பார்க்கிற மென்பொருள் எழுதுகிற இடம் அது. நான் ராசிபுரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க எழுத்துகளோடு கிடக்கிறவள். எழுத்தைக் கண்டால் பயப்படுகிற ஒரு மனிதரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டீ கொண்டுபோனேன். லேப்டாப் திரையில் விரலை வைத்து, அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டார். என்னவென்று கேட்டேன். டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“பி எது, டி எதுன்னு நிக்க மாட்டேங்குது அம்மிணி. பாத்துட்டு இருக்கறப்பவே திரும்பிக்குது.”

“அப்பறம் எப்படீங்க புரோகிராம் எழுதறீங்க?”

“எழுதறது கஷ்டமில்ல. எழுதுனதத் திரும்பப் படிக்கறதுதான் கஷ்டம்.”

நாமக்கல் பக்கம் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர். முழுப் புத்தகத்தையும் பக்கத்துப் பையன் படிக்கக் கேட்டே மனப்பாடம் செய்ததாகச் சொன்னார். சேலத்தில் ஒரு மருத்துவரிடம் போனோம். டிஸ்லெக்ஸியா என்றார் அந்த அம்மா. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. “இப்படியொரு பேரு இருக்குதுன்னு அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாம்” என்றார். படிக்க வராமல் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய காலத்தைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

அந்த வாரமே அவருக்காக ஓர் எழுத்துருவை வரைய ஆரம்பித்தேன். ஆங்கில எழுத்துருக்களில் சின்ன பி-யை (b) இடவலமாகத் திருப்பிப் போட்டால் டி (d). அதையே தலைகீழாக்கினால் க்யூ. வேலை மிச்சம் என்று எங்கள் தொழிலில் ஒன்றை வரைந்து திருப்பித் திருப்பி ஒட்டுவோம். அவருடைய கண் தடுமாறுவது அங்கேதான். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்தேன். பி-க்கு வயிறு பெரிது. டி-க்கு ஒரு சிறு வால். ஓ எழுத்தோடு குழம்பாமலிருக்கப் பூஜ்யத்துக்குள் ஒரு கோடு. புரோகிராம் எழுதுகிற எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகல இடத்தில் அடங்க வேண்டும். ஒல்லியான எழுத்துக்கும் குண்டான எழுத்துக்கும் ஒரே அளவு நாற்காலி. அந்தச் சின்ன இடத்துக்குள் ஒன்றைப்போல் மற்றது இல்லாமல் செய்வது லேசான வேலை இல்லை. வளைந்த அடைப்புக்குறிக்கு மூக்கை நன்றாக வெளியே இழுத்துவிட்டேன்.

காலையில் அவர் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் சமையலறை மேடைமேல் லேப்டாப்பை வைப்பேன். தோசை வேகிற நேரத்தில் அவர் சத்தமாக வாசிப்பார். எங்கே தடுக்குகிறாரோ அந்த எழுத்தை அன்றைக்கு மாற்றுவேன். க்யூவுக்கு நான் போட்ட காலைப் பார்த்துவிட்டு ஒருநாள், “இதென்ன, வாத்தாட்டம் நடக்குது?” என்றார். இரண்டு பேரும் சிரித்ததில் தோசை கருகிவிட்டது. என் கல்யாண வாழ்க்கையில் அந்தக் காலைகளைவிட நல்ல காலம் வந்ததில்லை.

மாயம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் தடுக்கத்தான் செய்தார்; முன்பைவிடக் குறைவாக. வழக்கமாக வருவதற்கு முந்திய பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் தலைவலி என்று படுப்பது நின்றது.

பிறகு அவருடைய ஆபீசில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். ஒருத்தர் எழுதியதை எல்லோரும் பெரிய திரையில் பார்த்து, சத்தமாக வாசித்துப் பிழை சொல்ல வேண்டும். அந்தத் திரையில் அவருக்காக நான் வரைந்த எழுத்துகள் இல்லை. அவர் எழுந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“சொல்லிப்போட்டேன் அம்மிணி” என்றார் அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. “மேனேஜர் உன்ற எழுத்தை அந்தத் திரையிலயே போட்டுட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க.” கையில் ஜிலேபிப் பொட்டலம் இருந்தது.

கை தட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவருக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் தீவனக் கணக்குப் பகுதியை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் எழுதுவதை எல்லாம் இன்னொருவர் ஒருமுறை பார்த்தால் நல்லது என்றார்கள். “என்ற நல்லதுக்குத்தான் பண்றாங்க” என்று அவரும் சொல்லிக்கொண்டார். ஆனால் காலையில் வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

ஜேடர்பாளையம் பக்கத்தில் ஒரு பண்ணையில் தீவன அளவு தப்பாக வந்தது. புரோகிராமில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. பண்ணைக்காரர் ஆபீசுக்கே வந்து சத்தம் போட்டாராம். மேனேஜர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, நயமாகத்தான் கேட்டிருக்கிறார்: “நீங்க எதையாவது மாத்திப் படிச்சிருப்பீங்களோ?”

இவர் இல்லை என்றார். ஆனால் சேலத்திலிருந்து ராசிபுரம் வருகிற வழியில் பஸ்ஸிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“நாந்தான் பண்ணியிருப்பனோ?” என்று என்னைக் கேட்டார்.

“அந்தப் பகுதி உங்ககிட்டயே இல்லீங்களே.”

“இல்லைதான். ஆனா எப்பவாச்சும் தொறந்து பாத்து, தெரியாம மாத்தியிருந்தா? என்ற கண்ண நானே எப்படி நம்பறது?”

சில நாளில் உண்மை தெரிந்தது. தப்பு வேறொருவருடையது. மேனேஜர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். இவர் “பரவால்லீங்க சார்” என்றார். நான் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. “எழுத்தே பாக்காத வேலையா ஒண்ணு செய்யோணும்” என்றார்.

திருச்செங்கோட்டில் அவருடைய அண்ணனுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி இருக்கிறது. அது சத்தீஸ்கர் கிளம்பியபோது இவரும் ஏறிவிட்டார்.

தனியாக இருந்த நாட்களில் நான் எழுத்துருவை முடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கெங்கோ இருந்தெல்லாம் எழுதினார்கள். தன் புரோகிராமை முதல்முறையாகத் தானே படித்துத் திருத்திக்கொண்டதாக, அவரைப்போலவே சிரமப்படுகிற ஒரு பெண் எழுதியிருந்தாள். அதை ஃபோனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் ரிக்கின் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

“கேக்குதுங்களா?”

“கேக்குது. நல்லாருக்கட்டும் அந்தப் புள்ள” என்றார். பிறகு, “சாப்பிட்டயா?” என்றார்.

மழைக்காலத்தில் ரிக் ஓடாது. வீட்டுக்கு வந்தார். கறுத்து, கை தடித்துப்போய், வண்டியின் சத்தத்துக்குப் பழகியவராக உரக்கப் பேசினார். குணம் மாறவில்லை. எனக்குச் சேலை வாங்கி வந்திருந்தார். தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது நான் சாய்ந்த எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தேன். புரோகிராமின் நடுவே குறிப்பு எழுத அவை வேண்டும் என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் யோசிக்காமல், பழைய பழக்கத்தில், லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

திரையைப் பார்த்தார். அவர் கண் ஒரே இடத்தில் நின்றது, வரியின்மேல் நகரவில்லை.

“நல்லாருக்குது அம்மிணி” என்றார்.

“படிச்சுச் சொல்லுங்களேன்.”

“வண்டி டயரைப் பாக்கோணும். அண்ணன் வரச் சொல்லியிருக்குது.” டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, என் தலையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

வாசலில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. திரையை என் பக்கம் திருப்பி, அவர் வாசிக்காமல் விட்ட வரிகளை நானே சத்தமாக வாசித்தேன். எங்குமே தடுக்கவில்லை. எந்த எழுத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.