மூட்டைக்குப் பதில் ஆம்புரோஸ்

உலகத்தில் எத்தனை ரயில் சோதனைத் தடங்கள் உண்டோ, அத்தனையிலும் எங்கள் ஊர் புந்தோங் ஆம்புரோஸ் வண்டி ஓட்டியிருக்கிறான். சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன். ஒன்றில்கூட ஓட்டியதில்லை. சிம்பாங் பூலாய்க்கு அப்பால், ரப்பர் மரங்களைச் சாய்த்துப் போட்ட ஒரு தடத்தில் மணல் மூட்டை தூக்கினான். புது ரயிலை ஓட்டிப் பார்க்கும்போது ஆளேற்ற மாட்டார்கள். ஆள் எடைக்கு மூட்டைகளை இருக்கையில் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள்.

நாற்பதைத் தொட்ட ஆம்புரோஸுக்குப் பெர்னடெட்டைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளிடமும் அவள் அண்ணன் டேரனிடமும் தான்தான் சோதனை ஓட்டுநர் என்று அளந்து வைத்திருந்தான். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கைபேசியை நீட்டி, "இது செக் நாட்டுத் தடம் மச்சான், வளையமா போட்டிருக்கான். அமெரிக்காவுல இன்னொன்னு, பாலைவனத்துல இருக்கு. அடுத்த வருசம் அங்க என்னைத்தான் அனுப்புறாங்க லா" என்பான்.

டேரன் லேசுப்பட்டவனில்லை. "நீ ஓட்டுறத கண்ணால பாத்துட்டுத்தான் நிச்சயம்" என்றவன், ஒருநாள் தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து வேலியோரம் நின்றுவிட்டான்.

அவர்களைப் பார்த்ததும் ஆம்புரோஸ் நிஜ ஓட்டுநர் ரோய்ஸ்டனிடம் ஓடினான். "ஒரே ஒரு தடவ உன் பக்கத்துல நிக்கிறேன். பொண்ணு பாக்குது."

"முன்னால கூடாது லா. ஒரு மூட்டை கிழிஞ்சு எடை குறையுது. அந்த எடத்துல உக்காரு."

ஜன்னலோரம் கிடைத்தாலே போதும், கையாட்டிச் சமாளித்துவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தான். ரோய்ஸ்டன் மற்ற மூட்டைகளைக் கட்டுவதுபோலவே அவனையும் கையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான்.

வேலிக்கு நேராக வந்ததும் ரோய்ஸ்டன் சட்டென்று பிரேக் போட்டான். பின்னாலிருந்த மூட்டை வெடித்து மணல் ஆம்புரோஸின் தலையில் கொட்டியது, வாயெல்லாம் மண். கதவைத் திறந்து ரோய்ஸ்டன் வேலியோரம் நின்ற டேரனை எட்டிப் பார்த்தான்.

"யாரத் தேடுறீங்க அண்ணே?"

"ஓட்டுநரு ஆம்புரோஸ்."

"ஓட்டுறது நான். ஆம்புரோஸா? அந்தா, மூட்டையோட மூட்டையா இருக்காரு பாருங்க!"

மண்ணைத் துப்பவும் முடியாமல், முகத்தைத் திருப்பவும் முடியாமல் ஆம்புரோஸ் பெர்னடெட்டையே பார்த்தான். அவள் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

நிச்சயம் நின்றது. அடுத்த வருடம் அவள் ரோய்ஸ்டனைக் கட்டிக்கொண்டாள். ஆம்புரோஸ் இப்போது எங்கள் கோயிலில் தலைகாட்டாமல், பூசைக்குத் தூரத்து ஹுத்தான் மெலிந்தாங் வரை போகிறான். அந்த வீடியோவைப் புந்தோங் முழுக்கப் பரப்பிய டேரனுக்கு ஈவிரக்கமே கிடையாது என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெர்னடெட் நிமிர்ந்தாள்.

"அண்ணன் மேல பழி போடாதீங்க ஆன்ட்டி. அனுப்புனது நான்தான். மொதல்ல ஆம்புரோஸுக்குத்தான் அனுப்புனேன்."