மும்பை மருமகள் எடுத்த டிக்கெட்

மும்பையில் பிறந்து வளர்ந்த அக்கா மகள் ரம்யா, முதல்முறையாகப் புதுக்கோட்டை வந்திருக்கிறாள்.

இன்று சித்தன்னவாசலுக்கு டவுன் பஸ் ஏறினோம்.

“இப்ப நான் சம்பாதிக்கிறேன் மாமா. ரெண்டு டிக்கெட்டும் நான்தான் எடுப்பேன்” என்று கார்டை எடுத்தாள்.

“மெஷின்ல வச்சாலே போதும்” என்று நானும் தெம்பாகச் சொன்னேன்.

கண்டக்டர் சிரித்தார். “பொம்பளைங்களுக்கு ஃப்ரீங்க. உள்ள போயி உக்காருங்க.”

ரம்யாவின் முகம் வாடிவிட்டது. “நான் குடுக்கணும்னு ஆசையா வந்தேன்.”

“அப்ப ஒங்க மாமாவுக்கு எடுங்க. கார்டை இங்கிட்டுக் காட்டுங்க.”

வைத்தாள். பீப் சத்தம் கேட்டது. டிக்கெட்டை என் கையில் கொடுத்து, “தொலைச்சுராதீங்க மாமா” என்றாள்.

என்னுடைய ஐம்பத்திரண்டாவது வயதில் ஒருத்தி எனக்கு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டாள்.

மற்ற மாமாக்களே, உங்கள் நிலவரம் என்ன?